இரண்டு பூஜ்யம்

எஞ்சினியரிங் காலேஜில் சான்றிதழ் சரிபார்க்கிற அறைக்குள் பதினெட்டாம் எண்ணைக் கூப்பிட்டிருந்தார்கள். ஆவுடைச்செல்வியின் கையிலிருந்த துண்டுத் தாளில் நாற்பத்தேழு. நடுவில் இருபத்தெட்டுப் பேர், ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்றாலும் மணி பன்னிரண்டைத் தாண்டிவிடும், தாண்டட்டும், அதற்குள் என்ன சொல்வது என்று ஒழுங்காக யோசித்து வைத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள், ஆனால் யோசிக்க என்ன இருக்கிறது, பூஜ்யம் போட்டது போட்டதுதானே. ஒன்றல்ல, இரண்டு பூஜ்யம். டிப்ளமோ மார்க்கில் முதல் செமஸ்டர் பூஜ்யம், இரண்டாம் செமஸ்டர் பூஜ்யம். பி.இ. விண்ணப்பம் நிரப்பிய பிரவுசிங் சென்டரில் அந்தப் பெண் நல்ல மாதிரியாகத்தான் கேட்டாள், "அக்கா, காலியா விட்டா அடுத்த பக்கம் போக மாட்டேங்குது, சைபர் போட்டுரட்டா?" என்று. இவளும் பின்னால் நிற்கிற ஆட்களைப் பார்த்துவிட்டு, "போடும்மா" என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்து அச்செடுத்த தாளைக் கண்ணாடி போட்டுப் பார்த்தபோதுதான் கீழே சராசரி என்ற கட்டத்தில் ஐம்பத்தைந்து புள்ளி ஆறு ஏழு என்று இருந்தது. எண்பத்து மூன்றரை வாங்கியவள் அவள். நாலு செமஸ்டரும் விழுந்து விழுந்து படித்து வாங்கியது. நாலைக் கூட்டி ஆறால் வகுத்துவிட்டது அந்தக் கம்ப்யூட்டர், அதற்கென்ன தெரியும், ஆறு கட்டம் இருந்தால் ஆறால் வகுக்கும். அதற்கும் கீழே சின்ன எழுத்தில், தவறான விவரம் தந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும் என்று ஒரு வரி. பூஜ்யம் தவறான விவரமா? படிக்காத செமஸ்டருக்குப் பூஜ்யம் என்பது ஒருவிதத்தில் உண்மைதானே. இல்லை, பூஜ்யம் வேறு, எழுதவே இல்லை என்பது வேறு. பரீட்சைக்குப் போய் ஒன்றுமே எழுதாமல் வந்தவளுக்குத்தான் பூஜ்யம். இவள் அந்தப் பரீட்சைக்கே போகவில்லை. ஐடிஐ முடித்தவள் போகத் தேவையில்லை என்று அரசாங்கமே சொல்லித்தான் நேராக டிப்ளமோ இரண்டாம் வருஷத்தில் சேர்த்துக்கொண்டார்கள். பதினோரு நாளாக இதே இடத்தில்தான் மனசு வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது, கதவு தெரியாமல் ஜன்னல் கண்ணாடியில் முட்டுகிற வண்டு மாதிரி.

நடையில் ஆடிக்காற்று ஒரு பக்கமாக நுழைந்து மறுபக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. மடியில் இருந்த ஃபைலின் மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டாள், மூலச் சான்றிதழ்கள், பறந்தால் அவ்வளவுதான். ஃபைலுக்குள் இருப்பவற்றை அடுக்கிய வரிசை மனப்பாடம். முதலில் பத்தாம் வகுப்பு, நானூற்றுப் பன்னிரண்டு மார்க். அடுத்து ஐடிஐ, கட்டட வரைவாளர், இரண்டு வருஷம். அடுத்து டிப்ளமோ, அதுவும் இரண்டு வருஷம், ஊரில் எல்லோருக்கும் மூன்று வருஷமாக இருக்கிற டிப்ளமோ ஐடிஐ முடித்தவர்களுக்கு மட்டும் இரண்டு. பிளஸ் டூ கிடையாது. பிளஸ் டூ இல்லாமல் எப்படிக் காலேஜுக்கு வருவாய் என்று கேட்காத ஆள் இல்லை. பத்து, அப்புறம் பன்னிரண்டு, அப்புறம் டிகிரி என்று ஊரே ஒரு படிக்கட்டில் ஏறிக்கொண்டிருக்கும்போது இவள் மட்டும் கட்டடத்தின் பின்பக்கம் இருக்கிற இன்னொரு படியில் ஏறிக்கொண்டிருந்தாள். அதுவும் மாடிக்குத்தான் போகிறது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. அத்தை, மாமியாரைத்தான் அவள் அத்தை என்று கூப்பிடுவது, கல்யாணமான புதிதில் பக்கத்து வீட்டில் சொன்னதைக் கேட்டிருக்கிறாள், "எங்க மருமவ டிப்ளமோ படிச்சிருக்கா, டிகிரிக்கு மேல உள்ளது" என்று. சர்டிபிகேட் கெட்டி அட்டையில் பெரிதாக இருந்ததால் மேலே உள்ளதாகத்தான் இருக்கும் என்று அத்தைக்கு எண்ணம். அதைத் திருத்தவும் மனசு வரவில்லை. ஆனால் போன மாதம் ஹரிப்ரியா, ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற மகள், பள்ளிக்கூடத்துக்காகச் செல்போனில் ஏதோ படிவம் நிரப்பிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கி, "அம்மா, நீ இந்த லிஸ்ட்லயே இல்ல" என்றாள். என்னது என்று எட்டிப் பார்த்தால், தாயாரின் கல்வித் தகுதி: பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, இளநிலைப் பட்டம், முதுநிலைப் பட்டம். ஐடிஐ இல்லை, டிப்ளமோ இல்லை. "எதைத் தொட?" என்றாள் மகள். "பத்தைத் தொடு." தொட்டாள். தொட்டுவிட்டு, "நாலு வருஷம் படிச்சது எங்கம்மா போச்சு?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள். அதுதான் சுருக்கென்றது.

எங்கேயும் போகவில்லை, கையில்தான் இருக்கிறது. ஒரு வீட்டின் பிளானைப் பார்த்தவுடனே மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், எந்த அறையில் மத்தியான வெயில் அடிக்கும் என்று சொல்லிவிடுவாள். அப்பா பிச்சையா கொத்தனார். வரைபடத்தில் உள் அளவு எது, வெளி அளவு எது என்று புரியாமல் ஒருமுறை ஒரு சுவரை ஒன்பது அங்குலம் தள்ளிக் கட்டிவிட்டு, எஞ்சினியர் வந்து எல்லார் முன்னாலும் சத்தம் போட்டு, மறுநாள் தானே கடப்பாரை எடுத்து அந்தச் சுவரை இடித்தவர். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். பத்தாம் வகுப்பு முடிவு வந்த சமயம். பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் எடுக்கப்போகிறேன் என்று இவள் சொல்லிக்கொண்டிருந்தபோது, "ஏட்டி, இந்தப் பிளானு வரையதுக்குன்னு ஒரு படிப்பு இருக்காமே, அதப் படியேன்" என்றார். அந்த ஒரு பேச்சில் வாழ்க்கை இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. அதற்காக வருத்தப்பட்டிருக்கிறாளா? ஐடிஐயில் முதல் வாரம் வருத்தப்பட்டாள், முப்பத்தைந்து பேரில் ஆறு பேர்தான் பெண்கள். இரண்டாம் வாரம் பென்சிலைச் சீவி, டி-ஸ்கொயர் அளவுகோலை வைத்து ஒரு கோடு இழுத்தபோது அந்தக் கோடு ஆரம்பித்த இடத்திலிருந்து முடிந்த இடம் வரை ஒரே தடிப்பில் வந்தது. அதற்கப்புறம் வருத்தப்பட்ட ஞாபகம் இல்லை. வரைபடத்தில் பூஜ்யத்துக்கு ஒரு மரியாதை உண்டு. தரைமட்டத்தைப் பூஜ்யம் என்று குறித்துவிட்டுத்தான் மேலே மூன்று மீட்டர், கீழே ஒன்றரை மீட்டர் என்று எல்லாவற்றையும் அதிலிருந்து அளப்பார்கள். அந்தப் பூஜ்யம் இல்லையென்றால் கட்டடமே நிற்க இடமில்லை. இதை உள்ளே போய்ச் சொல்லலாமா? சிரிப்பார்கள். அவளுக்கே சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"பையனுக்கா, பொண்ணுக்கா?" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து குரல். வெள்ளைச் சட்டை, நரைத்த தாடி, ஐம்பதை நெருங்குகிற மனிதர். "எனக்குத்தான்" என்றாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "அப்போ நம்ம செட்டு" என்று கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார், "செய்யது இப்ராகிம். கரண்டு ஆபீசு. எலக்ட்ரிகல் டிப்ளமோ முடிச்சு இருவத்தாறு வருசம் ஆவுது. நீங்க?" சிவில், ஒரு எஞ்சினியரின் ஆபீசில் பதினான்கு வருஷமாக வரைகிறேன் என்றாள். "பகலா, சாயங்காலமா?" "சாயங்காலம்தான் அண்ணே. பகல்ல போனா நேரா ரெண்டாம் வருசம், மூணு வருசத்துல முடிஞ்சிரும். வேலைய விட்டுட்டு எங்க போக. இது மூணரை." "அந்த அரை வருசத்த நம்ம வயசுக்காகப் போட்டிருக்காங்க" என்று சிரித்தார் இப்ராகிம். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன். பார்ட் டைம்னு சர்டிபிகேட்ல போடுவாங்களா? எங்க ஆபீசுல ஒருத்தன், சாயங்காலம் படிச்சா அது முழு டிகிரி இல்லங்கான். நைட்டெல்லாம் தூக்கம் இல்ல" என்றார். அவளுக்குத் தெரிந்திருந்தது, ஆபீஸ் எஞ்சினியர் ஞானசிகாமணி சாரிடம் நாலு தடவை கேட்டுத் தெரிந்துகொண்ட விஷயம். "டிகிரி அதே டிகிரிதான். இத முடிச்சிட்டு மேல எம்.இ. வேணும்னாலும் படிக்கலாம்னு எங்க சார் சொன்னாங்க" என்றாள். "எம்.இ.யா!" என்று அவர் வாயைப் பொத்திக்கொண்டார். "எம் பேரனும் நானும் ஒண்ணா பட்டம் வாங்குவோம் போலருக்கே." அவர் சொன்ன விதத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த இரண்டு இளவட்டங்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டிருக்கும்போதே பூஜ்யம் திரும்ப வந்து உட்கார்ந்தது. இவரிடம் கேட்டுப் பார்க்கலாமா, அண்ணே, உங்க ஃபார்ம்ல ஆறு கட்டத்தையும் நிரப்பினீங்களா என்று. நிரப்பியிருப்பார். மூன்று வருஷமும் படித்தவர். அவரிடம் ஆறு இருக்கும். இந்த நடையில் இருக்கிற எல்லாரிடமும் ஆறு இருக்கும். என்னிடம்தான் நாலு.

இருபத்தொன்பது. முப்பது. கதவு திறக்கிறபோதெல்லாம் உள்ளே ஒரு மேஜை விளிம்பும் நீலப் புடவை முந்தானையும் தெரிந்து மறைந்தது. என்ன சொல்லலாம். மேடம், அது தெரியாமல் போட்டது. தெரியாமல் என்றால், அப்போது படிவத்தைப் படிக்கவில்லையா என்பார்கள். மேடம், கம்ப்யூட்டர் விடவில்லை. கம்ப்யூட்டர்மேல் பழி போடாதீர்கள் என்பார்கள். உதவி எண்ணுக்கு இரண்டு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. அதை எழுதி வைத்திருக்கிறீர்களா? எந்தப் பதிலுக்கும் எதிரே ஒரு கேள்வி ஏற்கெனவே தயாராக இருந்தது, அந்தக் கேள்விகளை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது அவளேதான், நீலப் புடவை இன்னும் வாயைத் திறக்கவேயில்லை. காலையில் கிளம்பும்போது கணவன் முத்துராஜ் இதைத்தான் சொன்னான். கண்டக்டர் வேலை, ஐந்து மணி டூட்டிக்குக் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டே, "அவங்க கேக்கதுக்கு முன்னாலயே நீ எதுக்குப் பதில் சொல்லுத? கேட்டா சொல்லு. இல்லன்னா அடுத்த வருசம் போடு. ஆபீசு எங்கயும் ஓடிராது" என்றான். ஓடிவிடும். அது அவனுக்குத் தெரியாது, அல்லது தெரிந்தும் சொல்லவில்லை. ஞானசிகாமணி சாருக்கு அறுபத்தேழு வயது. மகன் கனடாவில். போன கிறிஸ்துமஸுக்கு மகன் வந்து போனதிலிருந்து சார் பிளான்கள் அடுக்கிய அலமாரியைப் பார்த்துப் பார்த்துப் பேச்சை நிறுத்திவிடுகிறார், ஆபீசை மூடிவிடுவார் போலிருக்கிறது. ஒருநாள், "செல்வி, டிப்ளமோவுக்கும் ஒரு அளவு வரைக்கும் பதிவு உண்டு, சின்ன வீட்டுப் பிளானுக்கெல்லாம் நீயே கையெழுத்துப் போடலாம். அதுக்கு மேலன்னா பி.இ. வேணும். நான் இருக்கும்போதே படிச்சிரும்மா" என்றார். இருக்கும்போதே என்று அவர் சொன்னது ஆபீசையா, உயிரையா என்று கேட்கவில்லை. பதினான்கு வருஷத்தில் அவள் வரைந்த வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். பேருந்தில் போகும்போது மகளிடம் காட்டியிருக்கிறாள், அந்த வளைவு பால்கனி நான் போட்டது. பிளானின் மூலையில், வரைந்தவர் என்ற இடத்தில் ஆ.செ. என்று இரண்டு எழுத்து. அதுவும் அச்செடுக்கும்போது சில சமயம் ஓரத்தில் வெட்டுப்பட்டுவிடும். சார் போன பிறகு இன்னொரு ஆபீஸ், இன்னொரு எஞ்சினியர், அவருக்கு ஒருவேளை இருபத்தாறு வயது இருக்கும், அவர் போடுகிற பிளானில் கழிப்பறைத் தண்ணீர் மேட்டில் ஏறும், இது ஏறாது தம்பி என்று சொன்னால், நீங்க என்ன படிச்சிருக்கீங்க அக்கா என்பார். அவ்வளவு தூரம் யோசித்துவிட்டு, இன்னும் பிறக்காத அந்தச் சண்டையில் தன் முகம் சூடாகிவிட்டதை உணர்ந்து, தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து இரண்டு மடக்குக் குடித்தாள். காற்று நன்றாகத்தான் இருந்தது. வேப்பமரத்திலிருந்து ஒரு அணில் இறங்கி நடையின் விளிம்பு வரை வந்து, இத்தனை பேரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. ஒரு வேலைநாளில் காலை பதினோரு மணிக்கு ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருப்பது எத்தனை வருஷத்துக்கு அப்புறம். இந்தப் பயத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டால் இது நல்ல நாள்தான். தள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் நல்ல நாள்தான் என்றும் தோன்றியது.

"நாப்பத்தேழு!" ஃபைலோடு எழுந்தாள். இப்ராகிம், "தைரியமா போங்க தங்கச்சி" என்றார். உள்ளே நீலப் புடவைக்காரர் முப்பது வயதுகூட நிரம்பாத விரிவுரையாளராக இருந்தார். பக்கத்தில் மூக்கு நுனியில் கண்ணாடியோடு ஒரு குமாஸ்தா. ஃபைலை வாங்கிப் புரட்டிய மேடம், பத்தாம் வகுப்பைப் பார்த்தார், அடுத்ததைப் பார்த்தார், விரல் நின்றது. "பர்ஸ்ட் செம், செகண்ட் செம் மார்க் ஷீட் எங்க?" பதினோரு நாள் தயாரித்ததை எல்லாம் விட்டுவிட்டு, "என்கிட்ட இல்ல மேடம். நான் ஐடிஐ. நேரா ரெண்டாம் வருசம்" என்று மட்டும் சொன்னாள். குமாஸ்தா தலையைத் தூக்காமலே, "லேட்டரல் மேடம். இந்த ஃபார்ம்ல வருசா வருசம் இதே கூத்து. சைபர் போட்டிருப்பாங்க, பாருங்க" என்றார். மேடம் பார்த்தார். சிவப்புப் பேனாவை எடுத்து முதல் பூஜ்யத்தின் மேல் ஒரு கோடு, இரண்டாவதன் மேல் ஒரு கோடு. கால்குலேட்டரில் நாலு எண்ணைத் தட்டி, நாலால் வகுத்து, "எண்பத்து மூணரை" என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம். முடிந்தது. மொத்தம் ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. "அவ்வளவுதானா மேடம்?" என்று கேட்டுவிட்டாள். "வேற என்ன?" என்று மேடம் நிமிர்ந்து, முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். "இல்ல, ரிஜெக்ட் ஆயிருமோன்னு..." "எதுக்கு? ஐடிஐல இருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, அப்படிச் சொன்னதே தனக்குக் கூச்சமானதுபோல் தாள்களைத் தட்டி நேராக்கினார். "எனக்கே பிஎச்.டி. அஞ்சாவது வருசம் இழுத்துக்கிட்டு இருக்கு. பக்கத்து ரூமுக்குப் போங்க, அங்கதான் சீட் போடுறாங்க." நடைக்கு வந்தவளுக்குச் சந்தோஷத்தைவிட முதலில் ஒரு சின்ன ஏமாற்றம்தான் வந்தது. இத்தனை நாள் சோறு இறங்காமல் பண்ணிய ஒன்று, இந்த அறைக்குள் வருஷா வருஷம் வருகிற சாதாரணக் கூத்தாக இருந்திருக்கிறது. அப்படியானால் இதே வழியில், இதே நாலு மார்க் ஷீட்டோடு, அவளுக்கு முன்னால் எத்தனையோ பேர் வந்துபோயிருக்கிறார்கள். யார் அவர்கள், இப்போது எங்கே கட்டடம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்? அந்த நினைப்பு வந்ததும் ஏமாற்றம் கரைந்து, நடையே கொஞ்சம் ஆள் நிறைந்ததுபோல் இருந்தது.

பக்கத்து அறையில் திருத்திய மதிப்பெண்ணுக்கு அவள் பெயர் சிவில் பட்டியலில் மேலே ஏறி, மாலை வகுப்பில் இடம் கிடைத்தது. திங்கள்கிழமை ஆறு மணிக்கு வகுப்பு. முத்துராஜுக்குப் போன் போட்டாள், பின்னால் பேருந்தின் இரைச்சல், யாரோ சில்லறைக்குச் சண்டை போடுகிற சத்தம், "கெடச்சிட்டுங்க" என்றாள். "என்னது? சத்தமாச் சொல்லு." "சீட்டு கெடச்சிட்டு!" "ரெண்டு பேர் எறங்குங்க, எறங்குங்க... செல்வி, கெடைக்கும்னு எனக்குத் தெரியும்ட்டி, வச்சிரு, ஸ்டாப்பிங் வந்துட்டு" என்று வைத்துவிட்டான். முன்வரிசை இளவட்டங்களில் ஒருவன் வந்து, "அக்கா, நீங்களும் சிவிலா? உங்க நம்பர் சொல்லுங்க, குரூப்ல சேத்துருதேன்" என்றான். சேர்த்த மறுநிமிஷமே போன் அதிர்ந்தது. யாரோ கேட்டிருந்தார்கள், முதல் செமஸ்டரிலேயே கணக்கு இருக்காமே, யாரிடமாவது புத்தகம் இருக்கா. அதற்குக் கீழே வரிசையாக அழுகிற முகங்கள். கணக்கு. கூட்டல் கழித்தல் இல்லை, அந்தக் கணக்கு. டிப்ளமோவில் முதல் வருஷக் கணக்கைத் தாண்டிக் குதித்து வந்தவள் இரண்டாம் வருஷத்தில் பட்ட பாடு ஞாபகம் வந்தது, அதைக் கடந்தும் பதினாறு வருஷம் ஆகிவிட்டது. பூஜ்யம் இருந்த இடத்தில் இப்போது கணக்கு வந்து உட்கார்ந்தது. சரி, வா என்று நினைத்துக்கொண்டாள்.

ஜங்ஷனில் இறங்கிப் பழைய புத்தகக் கடையில் எஞ்சினியரிங் கணக்குப் புத்தகம் ஒன்று வாங்கினாள், அட்டை கிழிந்து, யாரோ பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள், கோடு எல்லாம் அலை அலையாக, ஸ்கேல் வைக்காமல். பாளையங்கோட்டைப் பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. முதல் பாடம், மேட்ரிக்ஸ். சதுர அடைப்புக்குள் எண்கள் வரிசையாகவும் நெட்டாகவும் நின்றன. முதல் பத்தியைப் படித்தாள். ஒன்றும் புரியவில்லை. திரும்ப முதலிலிருந்து. இரண்டாவது வாக்கியம் வரைக்கும் புரிகிற மாதிரி இருந்தது, மூன்றாவதில் நழுவியது. முருகன்குறிச்சி வந்துபோனது, பாளை பஸ் ஸ்டாண்ட் வந்துபோனது, யாரோ ஏறினார்கள், யாரோ பக்கத்தில் உட்கார்ந்து கூடையைக் காலடியில் நகர்த்தினார்கள். குறுக்காகப் போகிறது நிரை, நெட்டாகப் போகிறது நிரல். சரி, தூண்களுக்குக் கிரிட் போடுகிற மாதிரி, ஏ ஒன்று, ஏ இரண்டு, பி ஒன்று, பி இரண்டு, இது எனக்குத் தெரிந்ததுதானே, இதற்கா இவ்வளவு பெரிய பெயர், இரு, இந்த மூன்றாவது வாக்கியம் அப்போது... ஆமாம். ஆமாம், அப்படித்தான். ஒரு வாக்கியம் பிடிபட்டது. பையிலிருந்து பென்சிலை எடுத்து, பேருந்து குலுங்காத நேரம் பார்த்து அதன் கீழே ஒரு கோடு போட்டாள். "சமாதானபுரத்துக்கு டிக்கெட் எடுத்துட்டு இங்க உக்காந்திருக்கீங்களே, கே.டி.சி. நகர் வந்துட்டும்மா" என்றார் கண்டக்டர், தலைக்கு மேலே நின்றுகொண்டு. வெளியே பார்த்தாள், அவளுடைய நிறுத்தம் எப்போதோ பின்னால் போயிருந்தது. "எறங்குதேண்ணே" என்று எழுந்து, புத்தகத்தை விரலை வைத்தபடியே மூடிக்கொண்டு இறங்கி, எதிர்ப்பக்கம் போய் நின்றாள். திரும்பிப் போகிற பேருந்து வருவதற்குக் கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். நல்லது என்று மரநிழல் பார்த்து நின்று, விரல் இருந்த பக்கத்தைத் திறந்தாள்.